வெந்நீருக்குப் பதினான்கு ஓட்டு

மார்ச் 4, செவ்வாய்

எங்கள் ஆய்வகத்துக்குச் சான்றிதழுக்காக வந்திருக்கும் ஓட்டு இயந்திரத்தின் மூடியைத் திறந்து சோதிக்க வேண்டும். சாவி மேலாளரிடம், மேலாளர் பல் மருத்துவரிடம். மதியம் வரை கொட்டாவி விட்டுவிட்டு, சும்மா என் கொத்திலிருந்த சாவிகளை ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்த்தேன். மூன்றாவது சாவி திறந்துவிட்டது.

எங்கள் வீட்டு இரும்பு அலமாரியின் சாவி அது. தனிக்குடித்தனம் வந்தபோது நாத்தனார் வாங்கித் தந்த அலமாரி. கடைத்தெருவிலேயே மலிவானதைத் தேடிப் பிடிக்க அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். நகரசபைத் தேர்தல் நடத்தப்போகும் இயந்திரத்துக்கும் நான் உள்பாவாடை அடுக்கும் அலமாரிக்கும் ஒரே பூட்டு. இதில் அந்தத் தேர்தலில் நாத்தனாரே ஒரு வேட்பாளர்.

மார்ச் 6, வியாழன்

மூடிக்கு அடியில்தான் ஓட்டுகள் பதிவாகும் மெமரி கார்டு இருக்கிறது. நகத்தாலேயே எடுத்துவிடலாம்.

ஆய்வகத்தில் ஒரு தேர்தல் வைத்தேன். வேட்பாளர்கள் டீ, காபி, வெந்நீர். வாக்காளர்கள் இருபது பேர். எல்லாரும் போட்டு முடித்ததும் வெளியே அனுப்பிவிட்டு, நான் தயார் செய்து வைத்திருந்த கார்டை மாற்றினேன். இரண்டு நிமிடம். முடிவு: டீ 4, காபி 2, வெந்நீர் 14. வெந்நீருக்கு ஒரு ஜீவன்கூடப் போட்டிருக்காது.

மேலாளர் வீங்கிய கன்னத்தோடு, "நாங்க ஆறு பேரு காபிக்குல்ல போட்டோம்" என்றார். அதைத்தான் சார் சொல்கிறேன் என்றேன். மறுபடி எண்ணச் சொன்னார். இந்த இயந்திரத்தில் மறு எண்ணிக்கை என்பது அதே பொத்தானை இன்னொரு தடவை அழுத்துவது. காகிதம் என்று ஒன்று கிடையாது. அழுத்தினேன். வெந்நீர் 14.

மார்ச் 7, வெள்ளி

மேலாளருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் முத்திரை. எந்தக் கோளாறைச் சொன்னாலும் மேலே முத்திரை ஒட்டினால் தீர்ந்தது என்பார். இன்றும் அதே பாட்டு. "மூடி மேல ஸ்டிக்கர் ஒட்டிடுவாங்கம்மா. அப்புறம் யாரு தொடப் போறா?"

ஒப்பனை அறையிலிருந்து முடி உலர்த்தும் கருவியைக் கொண்டுவந்து ஸ்டிக்கருக்குச் சூடு காட்டினேன். கிழியாமல் கொள்ளாமல் கழன்று வந்தது. அவர் ஸ்டிக்கரைப் பார்க்கவே இல்லை. இந்தக் கருவியை ஆபீசுக்கு யார் கொண்டுவந்தது என்று அரை மணி நேரம் விசாரித்தார்.

மார்ச் 11, செவ்வாய்

கையெழுத்துப் போட்டுவிட்டேன். "பாதுகாப்பானது எனச் சான்றளிக்கிறேன்."

"தேர்தலுக்குப் பன்னண்டு நாள்தான் இருக்கு. இப்பப் போய்ப் பூட்டு சரியில்லைன்னா இந்த வேலை நம்ம கைய விட்டுப் போயிடும். உன் குறையெல்லாம் பின்னிணைப்புல போட்டுக்கலாம்" என்றார் முத்திரை. பின்னிணைப்பை யாரும் அச்சடிக்க மாட்டார்கள். அது எனக்குத் தெரியாதா?

தெரிஞ்சும் ஏன்டி போட்ட? பயம். அவ்வளவுதான், பெரிய காரணமெல்லாம் ஒண்ணும் இல்ல.

மார்ச் 16, ஞாயிறு

நாத்தனார் பிரசாரத்துக்கு நடுவே சாப்பிட வந்தார். "மெஷினை நம்பவே கூடாது. நான் தோத்தேன்னா அது மெஷின் செஞ்ச வேலைதான்."

என் வீட்டுக்காரருக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாதே. "அதுக்கு சர்ட்டிபிகேட் குடுத்ததே இவதான்க்கா."

நாத்தனார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். குழம்பு எனக்கு மட்டும் புரையேறியது.

மார்ச் 23, ஞாயிறு

ஓட்டுப் போட்டேன். யாருக்கு என்று இதில்கூட எழுத மாட்டேன். வீட்டுக்காரர் என் நோட்டைப் படிக்கிறார் என்று சந்தேகம்.

மார்ச் 25, செவ்வாய்

நாத்தனார் ஒன்பது ஓட்டில் ஜெயித்துவிட்டார். "மெஷின் பொய் சொல்லாது" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்.

ஏப்ரல் 2, புதன்

தோற்றுப்போன மருந்துக்கடைக்காரர் புகார் கொடுத்துவிட்டார். சான்றிதழில் கையெழுத்துப் போட்டவர் விசாரணைக்கு வர வேண்டுமாம். நாத்தனார் போன் செய்தார். "ஒண்ணுமில்லம்மா, மெஷின் நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை. ஏற்கெனவே நீ எழுதிக் குடுத்ததுதானே."

அதுதான் சிக்கல். கார்டை யாராவது மாற்றினார்களா? பெரும்பாலும் இல்லை. எனக்குத் தெரியாது. யாருக்குமே தெரிய வழியில்லை. இவர் சொல்கிறார், "அக்கா அழுதுடும்." நான் அழுதால் மட்டும் யாருக்கும் கவலை இல்லை.

ஏப்ரல் 9, புதன்

விசாரணை அதிகாரி சான்றிதழைக் காட்டி, "இது உங்க கையெழுத்தா?" என்றார்.

"ஆமாங்க. எழுதினது பொய்ங்க. வேலைக்குப் பயந்து போட்டேன்."

உதிரி இயந்திரம் ஒன்றைக் கேட்டு வாங்கி, என் சாவியை எடுத்தேன். அதிகாரி சாவியில் தொங்கிய அட்டையை வாங்கிப் படித்தார். "அலமாரின்னு போட்டிருக்கே."

"வீட்டு அலமாரிங்க."

அட்டையில் இருந்தது நாத்தனாரின் கையெழுத்து. அவர் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். மூடி திறந்தது. அறையில் இருந்த இருபது பேரை வைத்து டீ, காபி, வெந்நீர் தேர்தலை மறுபடி நடத்தி, என் கார்டை மாற்றினேன். வெந்நீர் 14 என்று வந்ததும் நாத்தனார் எழுந்து போய்விட்டார்.

ஏப்ரல் 10, வியாழன்

மின்விசிறி சோதனைப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். காற்றாவது வருகிறது.

ஏப்ரல் 13, ஞாயிறு

நான்கு நாள் கழித்து இவர் வாய் திறந்தார். "உப்பு எங்க?"

மே 8, வியாழன்

தேர்தல் செல்லாது. ஜூனில் மறுதேர்தல், காகிதச் சீட்டில். நாத்தனாரிடமிருந்து செய்தி: "சந்தோஷமா?"

இல்லை அண்ணி. சத்தியமா இல்லை. அனுப்பவில்லை, இங்கே எழுதுகிறேன்.

ஜூன் 16, திங்கள்

நேற்று ஓட்டு, இன்று எண்ணிக்கை. நாத்தனார் இருபத்தாறு ஓட்டில் தோற்றார். மறு எண்ணிக்கை கேட்டார். மூன்று மணி நேரம் மூக்குக் கண்ணாடியை ஏற்றி ஏற்றி, ஒவ்வொரு சீட்டையும் அவரே குனிந்து பார்த்தாராம். ஒரு சீட்டில் யாரோ அவர் பெயருக்கு நேரே குறி போட்டு, பக்கத்தில் "தெரு விளக்கு எரியல" என்று எழுதியிருந்தார்களாம். செல்லாத ஓட்டு. கடைசியில் அதே இருபத்தாறு.

சாயங்காலம் கதவைத் திறந்தால் அவர் நிற்கிறார். விசாரணைக்குப் பிறகு இன்றுதான் வருகிறார். செருப்பைக் கழற்றிவிட்டு, பழைய நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

"என் கண்ணால எண்ணிப் பாத்துட்டேன்" என்றார். "தோத்துதான் போயிருக்கேன்."

மின்விசிறியைப் போட்டுவிட்டேன்.

"மொதல்ல அந்த அலமாரிப் பூட்டை மாத்து. உன் சாவி ஊருக்கே தெரிஞ்சு போச்சு."

"சரி அண்ணி. குடிக்க என்ன வேணும், டீயா காபியா?"

"வெந்நீர்" என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை. போட்டுக் கொடுத்தேன்.