சிவப்புப் பட்டு கட்டிய வளையம்

இன்று காலை சாக்கிலிருந்து மரம் ஏறும் பெல்ட்டை உருவியதும் பெட்ரோலும் எண்ணெயும் கலந்த வாசனை மூக்கில் ஏறியது. அதன் பின்னாலேயே நீ வந்தாய். வயிற்றுப் பக்கத்து இரும்பு வளையத்தில் நீ கட்டிய சிவப்புப் பட்டு நூல் அப்படியே இருக்கிறது. பிசுக்கு ஏறிக் கொஞ்சம் கறுத்திருக்கிறது, அவ்வளவுதான். முடிச்சு நெகிழவே இல்லை. உன்னைப் புகழலாம் என்று தோன்றியது. நீ உயிரோடு இருந்தபோது ஒரு நாளும் புகழாதவன் இப்போது ஆரம்பித்தால் நீ சிரிப்பாய் என்று விட்டுவிட்டேன்.

நீ போய் ஒன்பது மாதம் ஆகிறது. இருபது வருஷம் மரம் மரமாகத் தொங்கியவன், வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டு முடித்த கையோடு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாய். அன்றிலிருந்து நான் மரம் ஏறவில்லை. காற்றில் விழுந்து தரையில் கிடப்பதை மட்டும் அறுத்துக் கொடுக்கிறேன். கேட்பவர்களிடம் முழங்கால் வலி என்று சொல்லி வைத்திருக்கிறேன். முழங்காலுக்கு ஒரு கேடும் இல்லை. பயம். உன்னிடம் சொல்ல எனக்கென்ன வெட்கம்?

எந்த வேலைக்குக் கிளம்பினாலும் ஐயம்பேட்டைச் சாலை டீக்கடையில் அரை மணி நேரம் நமக்குக் கச்சேரி நடக்கும். நீ போனில் வெளிநாட்டு மரம்வெட்டிகளின் வீடியோவைப் போட்டு என் முகத்துக்கு நேரே நீட்டுவாய்.

"அந்தாளு இடுப்பப் பாருபா. கொக்கி, கப்பி, கயிறு, எல்லாம் தொங்குது."

"அம்மனுக்குக்கூட இவ்ளோ நகை சாத்த மாட்டாங்கபா. இத மாட்டிக்கினு மரம் ஏறுவானா, ஊர்வலம் போவானா?"

"உனுக்குப் பொறாம. மரம் அறுக்கற மெஷினே பேட்டரில வந்துடுச்சு தெரியுமா? சத்தமே இருக்காதாம்."

"சத்தம் இல்லன்னா வீட்டுக்காரனுக்கு வேல நடக்குதுன்னே தெரியாதே!"

இப்படியே போகும். டீ ஆறிவிடும். கடைசியில் ஜெயித்தது நீதான். இடுப்பில் வெறும் கயிற்றைச் சுற்றிக்கொண்டு ஏறிய நாம் இரண்டு பேரும், உன் பிடுங்கல் தாங்காமல், ஆளுக்கொரு பெல்ட் வாங்கினோம்.

வாங்கிய புதிதில் கூரம் கிராமத்தில் குளக்கரைப் புளியமரம் ஒன்று. அன்றைக்கு நான் மேலே, நீ கீழே. மெஷின் செயினைத் தீட்டும்போது அரத்தை ஒரே பக்கமாகத்தான் தள்ள வேண்டும் என்பது உன் கட்சி. போகவும் வரவும் தேய்த்தால் சீக்கிரம் முடியும் என்பது என் கட்சி. பெல்ட் மாட்டும்போதும் விடவில்லை, கொக்கி போடும்போதும் விடவில்லை. பேசிக்கொண்டே கிளை கிளையாக மிதித்து இருபது அடிக்கு மேல் போய்விட்டேன். இனி கயிற்றில் உடம்பைச் சாய்த்து உட்கார்ந்து அறுக்க வேண்டியதுதான். அப்போது கீழேயிருந்து உன் குரல், நிதானமாக:

"சரிபா, நீ சொல்ற மாதிரியே தேய்க்கலாம். அந்தக் கெளைய ரெண்டு கையாலயும் கட்டிப்புடிச்சிக்கோ."

நீ எந்தக் காலத்தில் விட்டுக்கொடுத்தாய்? எனக்குச் சந்தேகம் வந்து இடுப்பைப் பார்த்தேன். மெஷினைப் பத்திரமாக இரும்பு வளையத்தில் மாட்டியிருந்தேன். ஆளைத் தாங்கும் கயிற்றை, மெஷின் தொங்கவிடுவதற்காக வைத்திருந்த மெல்லிய வாரில் மாட்டியிருந்தேன். சாய்ந்திருந்தால் வார் பிய்ந்து நேராகக் குளத்துப் படிக்கட்டுதான். நீ கத்தியிருந்தாலும் பதறி விழுந்திருப்பேன். கிளையைக் கட்டிக்கொண்டு பல்லிபோல ஒட்டியிருந்தேன். நீ ஏறி வந்து மாற்றி மாட்டினாய். திட்டவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கூச்சமாக இருந்தது.

மறுநாள் என் வளையத்தில், கயிறு மாட்டும் இடம் இதுதான் என்று தெரிய, சிவப்புப் பட்டு நூலைக் கட்டினாய். "கட்டுனவனே பாக்கக் கூடாதுபா. அவன் கண்ணுக்குத் தப்பு தெரியாது" என்றாய். அன்று முதல் யார் ஏறினாலும் இதுதான் வழக்கம். ஏறுகிறவன் தையல்காரரிடம் அளவு கொடுப்பவன்போல இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்பான், மற்றவன் வளையத்தை இழுத்துப் பார்த்து முதுகில் ஒன்று போடுவான். உனக்கும் மூளை உண்டு என்று நான் ஒத்துக்கொண்டது அந்த ஒரு விஷயத்தில்தான்.

நேற்று உன் மனைவி போன் செய்தாள். உங்கள் வீட்டுப் பின்பக்க வேம்பில், தறிக் கொட்டகை மேல் நீளுமே, அந்தக் கிளை ஆடிக் காற்றில் பாதி கிழிந்து தொங்குகிறதாம். கீழே ஓட்டுக் கூரை. உள்ளே தறியில் யாரோ ஒரு பெண்ணின் முகூர்த்தப் புடவை பாதி நெய்தபடி இருக்கிறது. தறியை நகர்த்த முடியுமா?

"வேற ஆளு வேணாண்ணா. நீங்களே ஏறணும்."

"எனுக்கு முழங்கால் சரியில்லமா."

"முழங்காலுக்கு ஒண்ணுமில்லன்னு அண்ணி சொல்லிட்டாங்க."

வீட்டிலேயே காட்டிக்கொடுத்துவிட்டார்கள். என்ன செய்ய, இன்று பெல்ட்டை எடுத்துக்கொண்டு போனேன்.

வேம்பின் அடியில் நின்று பெல்ட்டைக் கட்டினேன். கொக்கியை மாட்டினேன். பழக்கத்தில் கைகள் தாமாக மேலே போய்விட்டன. எதிரே நீ இல்லை. கையை இறக்கவும் தோன்றவில்லை, ஏறவும் தோன்றவில்லை. திரும்பிப் போய்விடலாம் என்றுகூட நினைத்தேன்.

தறியிலிருந்து உன் மனைவி எழுந்து வந்தாள். குனிந்து வளையத்தைப் பார்த்தாள், கயிறு எங்கே போகிறது என்று பார்த்தாள். பிறகு வளையத்தைப் பிடித்து இழுத்தாள். நான் அவள் முகத்தையே பார்த்தேன்.

"இன்னாண்ணா அப்படிப் பாக்கறீங்க? கட்டுனவங்களே பாக்கக் கூடாது. தறியில புதுப் பாவு நூலப் பழசோட பிணைச்சா ஆயிரக்கணக்குல முடிச்சு. நான் பிணைச்சா அவரு பாக்கணும், அவரு பிணைச்சா நான் பாக்கணும். கல்யாணம் ஆன புதுசுல நான் போட்ட சட்டம் அது. இந்த நூலும் என் தறி நூலுதான்."

அடப்பாவி! இத்தனை வருஷம் உன் சொந்தச் சரக்கு என்று நம்ப வைத்திருக்கிறாயே! மரத்தடியில் நின்று சத்தம் போட்டுச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். நீ போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது இன்றைக்குத்தான்.

பிறகு ஏறினேன். மேல் கவட்டையில் கப்பியைக் கட்டி, கயிற்றின் மறுமுனையை அடிமரத்தில் மூன்று சுற்று சுற்றி அவள் கையிலேயே கொடுத்திருந்தேன். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதே என்று மட்டும் சொன்னேன், வேறொன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சின்னச் சின்னத் துண்டாக அந்தக் கயிற்றில் கட்டி நான் அறுக்க, அவள் கயிற்றை மெல்ல மெல்ல விட்டு இறக்கினாள். ஓட்டின் மேல் நாலு இலை உரசியதோடு சரி. கடைசித் துண்டுக்குக் கை எட்டவில்லை. இடுப்புக் கயிற்றில் முழு உடம்பையும் சாய்த்தால்தான் ஆகும். பயம் அங்கேயேதான் இருந்தது. சாய்ந்தேன். வளையம் தாங்கியது.

நான் இறங்கி மெஷினைத் துடைக்கும்போது உள்ளே தறிச் சத்தம் ஆரம்பித்துவிட்டது. செயினைத் தீட்ட உட்கார்ந்தேன். அரத்தை ஒரே பக்கமாகத்தான் தள்ளினேன், சந்தோஷமா? நாளைக்குக் கூரத்தில் ஒரு மரத்துக்கு ஒத்துக்கொண்டிருக்கிறேன். ஏறும் முன் அவர்தான் என் வளையத்தை இழுத்துப் பார்க்க வேண்டும் என்று மரத்துக்காரரிடம் இப்போதே சொல்லிவிட்டேன். ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார். பார்த்துவிட்டுப் போகட்டும்.

இன்னொன்று. அவள் வளையத்தை மூன்று முறை இழுத்தாள். நீ எப்போதும் இரண்டோடு நிறுத்திவிடுவாய், சோம்பேறி. இனி எனக்கு மூன்றுதான்.