கதையில்லாத ஒன்பது வருடம்

1972 ஆவணி 9

இன்று என் மனைவி பரிமளத்தை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். மார்பில் புற்றுநோய் என்றார் டொக்டர். கட்டி எப்போது வந்தது என்று அவளிடம் கேட்டார்.

“ரெண்டு வருசமாகுது.”

“மனிசனுக்குச் சொல்லேல்லையோ?”

“எங்களுக்குள்ளை கதையில்லை, ஐயா,” என்றாள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

பக்கத்து வளவுக்காரன் அவளுடைய தமையன். ஒரு முழ நிலத்துக்கு எனக்கும் அவனுக்கும் வேலி வழக்கு நடந்த காலத்தில், அவன் மகளின் கலியாணத்துக்குப் பரிமளம் என் சொல்லை மீறிப் போனாள். அன்றோடு அவளுடன் பேசுவதை நிறுத்தினேன். ஒன்பது வருடம். வேண்டியதை நாயிடம் சொல்வேன். அவள் கேட்டுச் செய்வாள். அடுப்படியில் அழுவது எனக்குக் கேட்கும். கேட்காததுபோல் இருப்பேன்.

அவள் வெளியே போனதும் டொக்டரிடம் கேட்டேன்.

“மனக்கவலையாலை உது வருமோ?”

“அப்பிடிச் சிலர் சொல்லுகினம். நிச்சயமாத் தெரியாது. ஆனா ரெண்டு வருசத்துக்கு முந்தி வந்திருந்தா வெட்டி எடுத்திருக்கலாம்.”

கவலையால் வராது என்று சொல்வார் என நினைத்துத்தான் கேட்டேன். சொல்லியிருந்தாலும் எனக்கு விடுதலை இல்லை.

பஸ்ஸில் அவளுக்கு யன்னல் பக்கம் விட்டேன். வீட்டுக்கு வந்ததும் அவள் உலை வைத்தாள். போய்ப் படு என்று சொல்ல அடுப்படி வாசல் வரை போனேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். நான் நாய் படுத்திருந்த பக்கம் திரும்பி, “இண்டைக்குச் சமைக்க வேண்டாம்,” என்றேன்.

“ஓம்,” என்றாள். அவளும் நாயைப் பார்த்துத்தான் சொன்னாள்.