அன்று நாங்கள் தண்ணீர் குடித்தோம்

தில்லை நகரில் ஒரு ரெடிமேட் கடை. தங்கச்சி மகளுக்குக் கவுன் எடுக்கப் போயிருந்தேன். கவரைப் பிரித்ததும் புதுத்துணியின் கஞ்சி வாசனை மூக்கில் ஏறியது. உன் ஞாபகம் வந்துவிட்டது. பழக்கதோஷத்தில் உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்த்தேன். நாம் தைத்துக் கொடுத்த அதே வெளிநாட்டுக் கம்பெனியின் கவுன்தான். லேபிளில் மட்டும் வேறொரு நாட்டின் பெயர்.

தையல் சுத்தமாக இருந்தது, குறை சொல்ல முடியாது. நம் பிழைப்பைக் கொண்டுபோனவள் என்று தைத்தவள்மேல் ஆத்திரம் வரவேண்டும், வரவில்லை. நீ பக்கத்தில் நின்றிருந்தால், "தையல் கிடக்கட்டும்டி, அவளை பாத்ரூம் போக விடுறாங்களா?" என்று கடையே திரும்பிப் பார்க்கும்படி கேட்டிருப்பாய்.

நம்மை எங்கே விட்டார்கள்! லைனில் உட்கார்ந்து தைக்கும் அத்தனை பெண்களுக்கும் ஒரே ஒரு டோக்கன். அது கையில் இருந்தால்தான் எழுந்து போகலாம். போய்வந்தால், "அதுக்குள்ள எத்தனை பீஸ் போச்சு தெரியுமா?" என்று சூப்பர்வைசர் வாயில் விழ வேண்டும். அந்த அவமானத்துக்குப் பயந்தே காலையிலிருந்து தொண்டையை நனைக்காமல் இருந்தோம். ஸ்ரீரங்கத்திலிருந்து கம்பெனி வேன் காவிரிப் பாலத்தில் ஏறும்போது கீழே இரு கரையும் தொட்டுத் தண்ணீர் போகும். "நல்லா பாத்துக்கங்கடி, இன்னைக்கு நமக்கு இவ்வளவுதான் தண்ணி" என்பாய். வேனே சிரிக்கும். உப்பிலியபுரத்திலிருந்து வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து இவள் வாய் மட்டும் அடங்கவில்லை என்று உன் மாமியார் அலுத்துக்கொள்வார். அந்த வாய்தானடி எங்களைக் காப்பாற்றியது.

இத்தனைக்கும் கம்பெனியின் பின்பக்கம் பளபளவென்று டைல்ஸ் போட்ட புதுக் கழிவறைகள் இருந்தன. பூட்டியே கிடக்கும். ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து ஆடிட்டுக்கு ஆள் வருகிற நாளில்தான் திறப்பார்கள். "வைகுண்ட ஏகாதசிக்காவது சொர்க்கவாசல் வருஷம் தவறாம திறக்குது. இது அதுக்கும் மேல போல... பெருமாளே, மன்னிச்சுக்கோ" என்று கன்னத்தில் போட்டுக்கொள்வாய்.

ஆடிட்டுக்கு முதல் நாள் ஒத்திகை நடக்கும். மேனேஜர் கேள்வி கேட்பார், நாம் கோரஸாகப் பதில் சொல்ல வேண்டும்.

"பாத்ரூம் வசதி இருக்கா?"

"இருக்குங்க சார், எப்பவும் திறந்திருக்குங்க சார்."

"டோக்கன்?"

"அப்படின்னா என்னங்க சார்?"

கடைசிப் பதிலை நீ கண்ணை உருட்டிச் சொன்ன அழகில் அவரே சிரித்துவிட்டார். பிறகு குரல் மாறியது. "யாராச்சும் ஏடாகூடமா பேசினீங்கன்னா ஆர்டரை வேற நாட்டுக்குத் தூக்கிட்டுப் போயிருவாங்க. அப்புறம் அவங்கவங்க வீட்டு அடுப்புக்கு அவங்கவங்கதான் பதில் சொல்லணும்."

பயமாகத்தான் இருந்தது. உன் வீட்டுக்காரருக்கு அப்போது வேலையும் இல்லை.

மறுநாள் ஆடிட் அம்மா, மொழிபெயர்க்க ஒரு பெண்ணோடு வந்தார். நம் இருவரையும் எழுப்பி நேராக அந்தக் கழிவறைக்கே கூட்டிப்போனார். மேனேஜர் பின்னாலேயே வந்தார். இதைத் தினமும் பயன்படுத்துகிறீர்களா என்று கேட்டார் அந்த அம்மா. என் நாக்கில் ஒத்திகைப் பதில் வந்து நின்றது. நீ சுவரைத் தடவிப் பார்த்தாய்.

"இன்னைக்குத்தாங்க மேடம் நாங்களே உள்ள வர்றோம். ரொம்ப நல்லாருக்கு. நாளைக்கும் திறந்திருக்குமான்னு நீங்களே சாரைக் கேட்டுச் சொல்லுங்க."

மொழிபெயர்க்க வந்த பெண் தயங்கினாள். "அப்படியே சொல்லும்மா, ஒண்ணும் தப்பில்ல" என்றாய். மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை.

அன்று மாலையே உன்னை நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார்கள். புதுக் கழிவறைக்கு மறுபடியும் பூட்டு. வேனிலிருந்து இறங்கும்போது நீதான் எங்களைத் தேற்றினாய்: "விடுங்கடி, ஊர்ல வேற இடமா இல்ல? நீங்க தண்ணி குடிங்க, அது போதும்."

குடித்தோம்! மறுநாள் ஷிப்மென்ட் நெருக்கடி. லைன் முழுக்க ஆளுக்கொரு பாட்டில் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்துவிட்டு டோக்கனுக்கு வரிசையில் நின்றோம். ஒருத்தி போய்வந்தால்தான் அடுத்தவள் போக முடியும். மெஷின்கள் அப்படியே நின்றன. "என்னம்மா, ஸ்ட்ரைக்கா?" என்று கத்தினார் மேனேஜர். "இல்லீங்க சார், தண்ணி குடிச்சோம், அவ்வளவுதான்" என்றேன். நான் சொன்னேனடி! வாயில்லாப் பூச்சி என்று நீ கேலி செய்வாயே, அந்த நான். அடுத்த லைனிலும் பாட்டில்கள் திறந்தன. சாப்பாட்டு மணிக்கு முன்பே பூட்டைத் திறந்தார்கள். "அவளையும் கூப்பிடுங்க சார்" என்று வரிசையைவிட்டு நகராமல் நின்றோம், உன்னைக் கூட்டிவர வேன் போனது. நீ வந்து இறங்கியபோது மொத்த ஹாலும் கைதட்டியது. என் வாழ்நாளில் அப்படியொரு பெருமை எனக்கு வந்ததில்லை.

ஆர்டர் என்னவோ சில வருஷத்தில் போகத்தான் போனது. உன் வாயால் போனது என்று யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். கூலி எங்கே குறைவோ அங்கே போகிற ஆர்டர் அது. நாம் உதட்டைத் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் போயிருக்கும்.

அதற்குள் உன் சிறுநீரகங்கள் இரண்டும் கெட்டுவிட்டன. டாக்டர் பல காரணம் சொன்னார். எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான். டயாலிசிஸ் முடிந்து படுத்திருந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாத்தியாடி கூத்தை? அப்ப டோக்கனுக்குப் பயந்து குடிக்கல. இப்ப கதவு திறந்து கிடக்கு, டாக்டர் குடிக்காதேங்கிறாரு" என்று சிரித்தாய். நான் வராந்தாவுக்குப் போய் அழுதேன்.

நீ கண்ணை மூடிவிட்டாய். இப்போது நான் வேறொரு கம்பெனியில் பள்ளிச் சீருடை தைக்கிறேன். போன மாதம் இங்கேயும் டோக்கன் கொண்டுவரப் பார்த்தார்கள். நான் எழுந்து நின்று, "அதெல்லாம் முடியாதுங்க சார்" என்றேன். குரல் நடுங்கவில்லை. எல்லோரும் எழுந்தார்கள். டோக்கன் பேச்சு அன்றோடு நின்றது. "யாருக்கா உங்களுக்கு இவ்வளவு தைரியம் குடுத்தது?" என்று கேட்டாள் பக்கத்து மெஷின்காரி. உன் பெயரைச் சொன்னேன். சொல்லிவிட்டு, அவள் பார்க்கப் பார்க்கவே வயிறு நிறையத் தண்ணீர் குடித்தேன், உனக்கும் சேர்த்து.