அயர்லாந்தில் ஒரு குருவி

என் செல்ல அக்காவுக்கு,

தெருநாய் ஊளையிட்டால் செருப்பைக் கவிழ்த்துப்போட அன்னூர் வீட்டில் இப்போது ஆளில்லை. சாவு தெருவுக்குள் வந்துவிட்டதென்று பதறி, செருப்பைக் கவிழ்த்த கையோடு சொந்தபந்தம் எல்லாருக்கும் போன் போடுவாய். "ஏனுங்க, எல்லாரும் நல்லாருக்கீங்களா?" நான் எத்தனை கிண்டல் செய்திருப்பேன்! நீ போனபின் அந்தப் போனும் நின்றுபோனது.

உன் மகள் கவிதா, நீ போனதிலிருந்து அப்பாவோடு பேசாமலே இருந்தாள். நீ படுத்த படுக்கையாகக் கிடந்ததை மறைத்துவிட்டார் என்று கோபம். அயர்லாந்து ஆஸ்பத்திரியில் யார் யாருக்கோ பணிவிடை செய்துவிட்டு, பெற்றவள் முகத்தைப் பார்க்க முடியாமல் போனதே அவளுக்கு. மாமாவோ ஏன் மறைத்தார் என்று அவளிடம் சொல்லவே இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை காந்திபுரத்தில் பஸ் ஏறி மாமாவைப் பார்க்கப் போனேன். சாப்பாடு போடும்போது கவிதா என் போனுக்கு வீடியோவில் கூப்பிட்டாள். முகமெல்லாம் வெளிறிக் கிடந்தது. அவள் சமையலறைக்குள் ஒரு குருவி புகுந்துவிட்டதாம். வீட்டுக்குள் பறவை வந்தால் சாவு வரும் என்று கூட வேலை செய்கிற அந்த ஊர் அம்மாள் சொன்னாளாம். ஆள் சாகும் முன்னாலேயே வந்து ஒப்பாரி வைக்கும் பெண்பேய்கூட அங்கே உண்டாம்!

"சித்தி, அப்பா நல்லாருக்காருங்களா?"

போனை மாமா பக்கம் திருப்பினேன். கையில் பிசைந்த சோற்றோடு அப்படியே பார்த்தார்.

"ஊட்டுக்குள்ள குருவி வந்தா நல்லதுதான கண்ணு. கொஞ்சம் அரிசி போட்டு உடு."

அவள் உடைந்துவிட்டாள். "அம்மாவுக்கு முடியலைன்னு எங்கிட்ட ஏனுங்கப்பா சொல்லல?"

மாமா அப்போதும் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குப் பொறுக்கவில்லை. "நீ வேலையப் போட்டுட்டு ஓடி வந்துருவேன்னு, உங்கம்மாதான் கண்ணு சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிப்போட்டா. பாவம், அவரைத் திட்டாத," என்றேன். உன்னைக் காட்டிக் கொடுத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே அக்கா. அப்பாவும் மகளும் அப்புறம் அழுத அழுகையில் சோறு ஆறிப்போனது.

இப்போது தினமும் பேசிக்கொள்கிறார்கள். பொங்கலுக்கு வருகிறாள். அந்தக் குருவி தானாகத்தான் வந்ததா, இல்லை உன் வேலையா?

இனி நாய் ஊளையிடட்டும், இடாமல் போகட்டும். எல்லாருக்கும் போன் போட்டு, நல்லாருக்கீங்களா என்று நான் கேட்பேன். மாமாவுக்குத்தான் முதல் போன்.

உன்னிடம் மட்டும் கேட்க முடியாத
உன் தங்கச்சி