இரண்டாவது சரணம்

1970 மார்ச் 2, திங்கள்

வண்டி ரேடியோவின் திருகு உடைந்து நாலு வருடம் ஆகிறது. ஒரே ஒரு நிலையம்தான் எடுக்கும், அதுவும் வெள்ளைக்காரர்களின் நாட்டுப்பாட்டு நிலையம். சோடாப் பெட்டிகளை ஏற்றி இறக்கிக்கொண்டு, நாள் முழுக்க மாடு மேய்க்கும் குதிரைக்காரர்களின் காதல் தோல்விகளைக் கேட்கிறேன். மேலாளரிடம் புகார் சொன்னேன். "ரேடியோ பாடுதா இல்லையா?" என்றார். பாடுகிறது.

விளைவு என் தொண்டையில் தெரிகிறது. எங்கள் தேவாலய சபையில் பாட்டைக் கவனிக்கும் டீக்கன் என்னைப் பாடகர் குழுவின் கடைசி வரிசைக்கு மாற்றிவிட்டார். "கிளீவ்லேண்ட், நீ வாயத் திறந்தா கோயிலுக்குள்ள யாரோ குதிரையோட வந்த மாதிரி இருக்குப்பா." கறுப்பனுக்கு இப்படி ஒரு குரல். அலபாமாவில் இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இசைத்தட்டு போடும் டார்ப்ளி சார் தன் ஸ்டூடியோவிலிருந்து ஆள் அனுப்பியிருந்தார். நான் எழுதிக் கொடுத்த சரணம் பிடித்திருக்கிறதாம். ஒரு கறுப்பு ஆணும் ஒரு வெள்ளைப் பெண்ணும் சேர்ந்து பாடும் ஜோடிப்பாட்டு. அவரவர் பக்கத்துக் கதையை அவரவர் சொல்வது. "ஒரே மழை" என்று பெயர். சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.

மார்ச் 7, சனி

ஸ்டூடியோ முன்பு டயர் கடையாக இருந்தது. இன்னும் ரப்பர் வாசனை. வாத்தியக்காரர்கள் நாலு பேரும் வெள்ளைக்காரப் பையன்கள். வாசித்தால் எங்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமை மாதிரி இருக்கிறது. யாரிடம் கற்றார்கள் என்று கேட்கவில்லை. அவர்கள் வீட்டு ரேடியோவிலும் திருகு உடைந்திருக்கலாம்.

கூடப் பாடுபவள் பெயர் ஓபல் ஹட்டோ. சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறாள். கூடாரம் அடித்து ஜெபம் செய்து, ஆவி வந்து விழுந்து புரளும் சபையில் வளர்ந்தவள். அவள் முதல் வரியைப் பாடியதும் நான் திரும்பிப் பார்த்தேன். பின்னால் நம் ஆட்கள் யாரும் இல்லை. அவள்தான்.

நான் பாடியதும் அவளும் திரும்பிப் பார்த்தாள். "எங்க மாமா வந்துட்டாரோன்னு பயந்துட்டேன்" என்றாள். அந்த மாமாவுக்குப் பயப்பட வேண்டிய காரணங்களை அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

முதல் சரணம் அவள் எழுதியது. சின்ன வயதில் டாக்டர் வீட்டு முன்னறையில் மிட்டாய் ஜாடியோடு உட்கார்ந்திருக்கிறாள். கதவிடுக்கில், பின்படியில் யாரோ ஒரு பையனின் நனைந்த கால்கள் தெரிகின்றன. அம்மா கதவைச் சாத்திவிடுகிறாள்.

இரண்டாவது சரணம் என்னுடையது. எனக்கு ஏழு வயது. மர அறுவை ஆலையில் அப்பாவின் கையை இயந்திரம் பிடித்துவிட்டது; கைக்குட்டையால் சுற்றிக்கொண்டு வந்தோம். வெள்ளைக்காரர்கள் உட்காரும் டாக்டரின் முன்னறை காலியாகும்வரை எங்களுக்குப் பின்படிதான். நல்ல மழை. பதினோரு படி, எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கூப்பிடும்போது சாயங்காலம். அப்பா சாகவில்லை. இரண்டு விரல்தான் போனது. அதன்பிறகு கடைசிவரை அவர் கிதாரைத் தொடவில்லை.

அவள் வேறு ஊர், வேறு டாக்டர். ஆனாலும் அவள் தன் சரணத்தைப் படித்துக் காட்டியபோது என் கால்களைப் பார்த்துக்கொண்டேன்.

மார்ச் 14, சனி

பதிவு முடிந்தது. எழுதவே பிடிக்கவில்லை.

டார்ப்ளி சார் கண்ணாடி அறைக்குள்ளிருந்து கேட்டார், கேட்டார், கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு வெளியே வந்தார். "ஒண்ணும் தப்பா நினைக்காத கிளீவ். உன் குரல்ல பின்படி நம்பற மாதிரி இல்ல. ஓபல் பாடினா கேக்கறவன் அழுதுடுவான். மாத்திப் பாடுங்க."

"சார், அது எங்கப்பா" என்றேன்.

"யாருப்பா இல்லன்னது? பாட்டுன்னு வந்துட்டா எல்லாருக்கும் அப்பா."

"சரி சார்."

ஆகவே பின்படியில் வெள்ளைக்காரி உட்கார்ந்தாள். முன்னறையில் நான் மிட்டாய் தின்றேன். அந்த முன்னறையை நான் வாழ்நாளில் பார்த்ததில்லை. மிக இயல்பாகப் பாடினேன் என்று எல்லோரும் பாராட்டினார்கள்.

இன்று மொத்தம் மூன்று தடவை "சரி சார்" சொல்லியிருக்கிறேன்.

மே 9, சனி

இசைத்தட்டு வெளிவந்துவிட்டது. உறையில் படம் கிடையாது, வெறும் பழுப்புக் காகிதம். "கற்பனைக்கு விட்டுடலாம்" என்கிறார் டார்ப்ளி சார். மக்கள் கற்பனை செய்துகொண்டார்கள். கறுப்பர் நிலையமும் போடுகிறது, வெள்ளையர் நிலையமும் போடுகிறது. இருவருக்கும் ஒரே எண்ணம்தான்: பின்படியில் பாடுபவள் கறுப்பி, முன்னறையில் பாடுபவன் வெள்ளைக்காரன்.

இனங்களைப் பற்றி இந்த மாநிலம் முழுக்க ஒரே கருத்தில் இருப்பது இதுதான் முதல் தடவை. அதுவும் தப்பு.

மே 17, ஞாயிறு

அம்மா சமையலறை ரேடியோவில் கேட்டுவிட்டாள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நின்றாள்.

"நம்ம கதையாச்சேடா இது! நீதான் எழுதிக் குடுத்தியா?"

"ஆமாம்மா."

"ஒரு வெள்ளைக்காரன் பாடறானே, அவன் யாரு? மனசே இல்லாம பாடறான்."

"அது நான்மா."

அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "பெத்தவ, எனக்கே சந்தேகமா இருக்கே" என்றாள். பிறகு விஷயத்துக்கு வந்தாள். "அந்தப் பொண்ணு யாரு வீட்டுப் பொண்ணு? பட்ட கஷ்டம் தொண்டையில தெரியுது. கல்யாணம் ஆயிடுச்சா?"

"கேக்கலம்மா."

"முப்பது வயசாச்சு, கேக்கலையாம்! ஒரு ஞாயித்துக்கிழமை சாப்பிடக் கூட்டிட்டு வா."

ஓபல் வெள்ளைக்காரி என்று அந்தக் கணத்திலேயே சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? அம்மா முகத்தில் அத்தனை சந்தோஷம் இருந்தது. கோழைத்தனம் என்றும் சொல்லலாம்.

ஜூன் 7, ஞாயிறு

"அந்தப் பொண்ணு எப்ப வரா?"

ஜூன் 14, ஞாயிறு

அதே கேள்வி. இந்தத் தடவை புதுத் திரைச்சீலை வேறு தைத்திருக்கிறாள்.

ஜூலை 19, ஞாயிறு

வந்தாள்.

நான் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்று போன வாரம் முழுக்கப் பழகிப் பார்த்தேன். இன்று காலையும் பழகினேன். பழகிக்கொண்டிருக்கும்போதே கதவு தட்டப்பட்டது. அம்மாதான் திறந்தாள். வாசலில் தொப்பி போட்ட வெள்ளைக்காரி, கையில் ஒரு பழக் கேக்.

"தடுப்பூசி எல்லாம் போட்டாச்சும்மா. இந்த வீட்ல சின்னப் பிள்ளைங்க கிடையாது" என்றாள் அம்மா, சுகாதார அலுவலகத்திலிருந்து வந்த நர்ஸ் என்று நினைத்து.

"நான் ஓபல்ங்க. கிளீவோட பாடற ஓபல்."

அம்மா என் பக்கம் திரும்பினாள். அந்தப் பார்வையை எழுத இந்த நோட்டு போதாது.

சோளரொட்டி, காராமணி, கோழி வறுவல், எல்லாம் இரண்டு நாள் வேலை. எதையும் பரிமாறாமல் அம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். "பாடுங்க பார்க்கலாம்" என்றாள். ஓபல் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பாடினாள். அம்மா கண்ணை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள்.

"கண்ண மூடினா நம்ம பொண்ணு. திறந்தா வேற யாரோ" என்றாள். பிறகு, "சரி, ஆறிடும். சாப்பிடு" என்றாள்.

ஓபல் மூன்று ரொட்டி சாப்பிட்டாள். கிளம்பும்போது வாசலில் நின்று மெதுவாகச் சொன்னாள்: "எனக்கு என் மிட்டாய் ஜாடி வேணும் கிளீவ். உங்கப்பா படியில உக்காந்து பாடறப்பல்லாம் யாரோ என்னை எழுப்பி விடப்போறாங்கன்னு தோணுது."

அவள் போனதும் அம்மா தட்டுகளைக் கழுவிக்கொண்டே பேசினாள்.

"நல்லாப் பாடறா. அதுல குறை இல்ல. உங்கப்பாவை நீ ஏன்டா பாடல?"

"டார்ப்ளி சார் மாத்தச் சொன்னாரும்மா."

"நீ என்ன சொன்னே?"

"சரி சார்னு சொன்னேன்."

ஒரு தட்டு, இன்னொரு தட்டு. "டாக்டர் மணிக்கொரு தடவை கதவைத் திறந்து, 'இன்னும் கொஞ்ச நேரம்'னு சொல்வாரு. உங்கப்பாவும் ஒவ்வொரு தடவையும் 'சரி சார்'னுதான் சொன்னாரு" என்றாள்.

அவமானமாக இருக்கிறது. வேறு எப்படி எழுதினாலும் பொய்.

செப்டம்பர் 5, சனி

அடுத்த சனிக்கிழமை மாவட்டச் சந்தைத் திருவிழாவில் நாங்கள் மேடையேறுகிறோம். முதல்முறையாக முகம் காட்டப்போகிறோம். டார்ப்ளி சாரிடம் போனேன்.

"மேடையிலயாவது அவங்கவங்க சரணத்தை அவங்கவங்க பாடறோம் சார்."

"ஜனம் தட்டுல கேட்டதைத்தான் கேக்க வரும். புதுசா எதையும் செஞ்சு வைக்காத. தட்டுல எப்படியோ அப்படித்தான், புரிஞ்சுதா?"

என்ன சொல்வதென்று எனக்கே தெரிவதற்குள் வாய் அதைச் சொல்லிவிட்டது. எதை என்று எழுதப்போவதில்லை.

செப்டம்பர் 12, சனி

முன்பெல்லாம் திருவிழா மைதானத்தில் நடுவே கயிறு கட்டியிருப்பார்கள். இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். கயிற்றை அவிழ்த்து ஆறு வருடம் ஆகிறது. இன்றும் எல்லோரும் கயிறு இருந்த இடத்தை விட்டு ஓர் அடி தள்ளியே நின்றார்கள். அம்மா எங்கள் பக்கத்தில் முதல் வரிசை, ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியோடு.

"ஒரே மழை" என்று அறிவித்ததும் இரு பக்கமும் கைதட்டல். நாங்கள் ஏறினோம். கைதட்டல் நின்றது. பாடகர்கள் வருவதற்கு முன் மைக்கைச் சரிசெய்ய வந்தவர்கள் என்று நினைத்துக் காத்திருந்தார்கள் போலிருக்கிறது.

இசை ஆரம்பித்தது. முதல் சரணம் நான் பாட வேண்டும். மிட்டாய் ஜாடி.

வாயைத் திறக்கவில்லை.

பையன்கள் ஒரு சுற்று கூடுதலாக வாசித்தார்கள். நான் நின்றேன். இன்னொரு சுற்று. மேடை ஓரத்தில் டார்ப்ளி சார் கையால் காற்றை வெட்டிக்கொண்டிருந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் சொன்னதைச் செய்யாமல் இருந்தேன். அதற்கு ஒன்றுமே செய்யாமல் நின்றாலே போதும் என்று இத்தனை நாள் தெரியாது.

மூன்றாவது சுற்றில் ஓபல் என்னைப் பார்த்தாள். பிறகு மைக்கை இழுத்துத் தன் சரணத்தைப் பாடினாள். முன்னறை, ஜாடி, கதவிடுக்கு, நனைந்த கால்கள். கண்ணைத் திறந்துகொண்டே பாடினாள்.

அடுத்தது நான். பதினோரு படி, மழை, அப்பாவின் கைக்குட்டை. எனக்கு வாய்த்த குரலில்தான் பாடினேன், குதிரைக்காரன் குரலில். அப்பாவுக்கு அதில் ஆட்சேபணை இருந்திருக்காது என்று நினைக்கிறேன். அவருக்கும் அந்தப் பாட்டுகள் பிடிக்கும்.

முடிந்ததும் வெள்ளையர் பக்கத்திலிருந்து ஒருவர், "பாட்டை மாத்திட்டாங்கய்யா!" என்று கத்தினார். எங்கள் பக்கத்திலிருந்தும் ஒருவர், "ஆமா, தப்பாப் பாடிட்டாங்க!" என்று கத்தினார். இரு பக்கமும் ஒத்துப்போவது இது இரண்டாவது தடவை.

டார்ப்ளி சார் என்னிடம் பேசவில்லை. "சரி சார்" சொல்ல எனக்கு வாய்ப்பே தரவில்லை.

செப்டம்பர் 13, ஞாயிறு

உள்ளூர்ப் பத்திரிகையில் நாலு வரி. பாடகர்கள் மேடைப் பதற்றத்தில் சரணங்களை மாற்றிப் பாடிவிட்டார்களாம். தட்டைக் கேட்டால் சரியான வடிவம் தெரியுமாம்.

சாப்பாட்டு மேசையில் அம்மாவிடம் கேட்டே விட்டேன். "எப்படிம்மா இருந்தது?"

"ஒன்பது" என்றாள்.

"என்ன ஒன்பது?"

"ஒன்பது படிதான்டா. பதினொண்ணு இல்ல. உங்கப்பாவைக் கூட்டிட்டுப் போக அப்புறம் எத்தனை தடவை ஏறி இறங்கியிருக்கேன்."

"நாலு மாசமா ரேடியோவுல கேக்கறியே, அப்ப ஏன் சொல்லல?"

"அவ பாடினா. அவளுக்குப் பாவம் எப்படித் தெரியும்? நீ அங்க உக்காந்திருந்தவன். நீ சரியாப் பாட வேணாமா?"

எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டேன். வெகுநேரம் கழுவினேன்.

செப்டம்பர் 15, செவ்வாய்

சோடா இறக்கும் வழியில் வண்டியை நிறுத்திவிட்டு அந்தக் கட்டடத்துக்குப் போனேன். டாக்டர் இல்லை. இப்போது தையல் சாமான்கள் விற்கும் கடை. பின்பக்கம் போய் எண்ணினேன். ஒன்பது. கீழிருந்து மேலே எண்ணினாலும் ஒன்பது. மிச்ச இரண்டு படி எங்கிருந்து வந்தது? ஏழு வயதுக் காலுக்கு அத்தனை இருந்திருக்கும்.

ஐந்தாவது படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். கடைக்கார வெள்ளையம்மா பின்கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "என்னப்பா, முன்வாசல் திறந்துதானே இருக்கு?"

"தெரியும்மா" என்றேன்.

நூல்கண்டு ஒன்று வாங்கிக்கொண்டு முன்வாசல் வழியாக வெளியே வந்தேன். முன்னறை சின்னது. நான் பாடிய அளவுக்கு ஒன்றும் இல்லை.

அக்டோபர் 3, சனி

ஆற்றுக்கு அந்தப்பக்கத்து ஊர்த் திருவிழா. எங்களைக் கூப்பிட்டது டார்ப்ளி சார் அல்ல, அந்த ஊர்க்காரர்களே. யார் எதைப் பாடுவார்கள் என்று பார்க்க வேண்டுமாம். சந்தையில் இரட்டைத் தலைக் கன்றுக்குட்டிக்கு அடுத்த நிகழ்ச்சி நாங்கள்.

டார்ப்ளி சாரும் வந்திருந்தார். "தட்டு மாதிரிதானே?" என்று கேட்டார்.

"இல்ல சார்" என்றேன். சொன்ன பிறகும் தொப்பி தலையில்தான் இருந்தது, வானமும் இருந்த இடத்தில் இருந்தது.

மேடைப்படியில் கால் வைக்கும்போது ஓபல் என் சட்டைக்கையைப் பிடித்தாள்.

"கிளீவ், இன்னிக்குப் பாட்டுல எத்தனை படி?"

"ஒன்பது."

"நிச்சயமா?"

"எங்கம்மா முன்னாடி நிக்கறாங்க."

"அப்ப ஒன்பதுதான்" என்றாள். தன் மிட்டாய் ஜாடியைப் பாட முதலில் ஏறினாள்.