மூணாம் நம்பருக்கு வணக்கம் சொல்லத் தெரியாது

மார்ச் 4, திங்கள்

மூன்றாம் நம்பர் ரோலிங் மெஷின் மறுபடியும் தானாக ஓடியதாம். தேயிலை உருட்டும் காளியண்ணன் அண்ணன் கையை வெளியே எடுத்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. தொழிற்சாலையின் முடிவு: காவல் தெய்வம் முனியாண்டிக்குக் கோபம். மேனேஜர் நிக்கலஸ் சார் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். ஆனாலும் எலுமிச்சம்பழத்துக்கும் சுருட்டுக்கும் உடனே கையெழுத்துப் போட்டார். மெஷின்களைக் கணினியோடு இணைக்கும் நெட்வொர்க்கைப் பார்க்க நான் இரண்டு நாள் கேட்டேன்.

"அதுக்கெல்லாம் டைம் இல்லலா, புனிதா."

மார்ச் 6

கேட்காமலே பார்த்தேன். மெஷினுக்குப் பக்கத்திலுள்ள பெட்டி ஆபீஸ் கணினிக்குப் பூட்டிய செய்திகளை அனுப்புகிறது. முதலில் 'வணக்கம்', பிறகு சாவி மாற்றம், அதற்கப்புறம்தான் 'ஓடு', 'நில்'. கணினி ஏற்றுக்கொண்டால்தான் மெஷின் அசையும். கரண்ட் போய் வந்தால் மூணாம் நம்பர் வணக்கமும் சொல்வதில்லை, சாவியும் மாற்றுவதில்லை. நேராக 'ஓடு'. நம் கணினியோ பூட்டு சரியா என்று மட்டும் பார்க்கிறது. இது என்ன வகைச் செய்தி, இந்த நேரத்தில் வரலாமா என்று கேட்பதே இல்லை. வெள்ளைச் சட்டையைக் கண்டதும் கேட்டைத் திறந்துவிடும் காவல்கார ஜாகா மாதிரி.

இந்த நிரலை எழுதிய மகான் யார்?

நான்தான். போன வருடம்.

மார்ச் 7

முறை தவறி வரும் செய்தியை ஏற்காமல் தொடர்பைத் துண்டிக்கும்படி எழுதிவிட்டேன். எட்டே வரி. இந்த எட்டு வரி இல்லாமல் ஒரு வருடம் காளியண்ணன் அண்ணன் அந்த மெஷினில் கையை விட்டுக்கொண்டிருந்தார்.

மார்ச் 12

மறுத்த செய்தியெல்லாம் திரையில் சிவப்பு வரியாக வருகிறது. நாளை மறுநாள் கோலாலம்பூரிலிருந்து பெரிய துரைகள் வருகிறார்கள்.

"இத்தன நாளா நல்லா ஓடுச்சு. நீ கை வச்சதும் ஒரே செகப்பு. அத எடுத்துடு," என்றார் நிக்கலஸ் சார். என் ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிவதையும் அன்போடு ஞாபகப்படுத்தினார்.

எடுக்கிறதா? எடுத்துட்டு அந்த அண்ணன் மூஞ்சில எப்படி முழிக்கிறது?

மார்ச் 13

எடுத்துவிட்டேன் — சிவப்பை மட்டும். இனி மறுப்பெல்லாம் பச்சை வரி. "பாத்தியா, மனசு வச்சா முடியுது," என்றார் சார்.

மார்ச் 14

துரைகள் முன்னாலேயே கரண்ட் போனது. காளியண்ணன் அண்ணன் முழங்கை வரை உள்ளே விட்டுச் சிக்கிய இலையை இழுத்துக்கொண்டிருந்தார். கரண்ட் வந்தது. மெஷின் அசையவில்லை. முனியாண்டி பூஜை எங்கள் பாதுகாப்பு ஏற்பாடுகளில் ஒன்று என்று நிக்கலஸ் சார் விளக்கினார். துரைகள் குறித்துக்கொண்டார்கள்.

சாயங்காலம் அண்ணன் ஆபீஸுக்கு வந்தார்.

"இது என்னாமா, பதினோரு பச்ச?"

"கரண்ட் வந்ததும் ஓடு ஓடுன்னு பதினோரு தடவ சொல்லியிருக்கு அண்ணே. விடல."

நான் எழுதிய பழைய தவறையும் சொன்னேன். திட்டுவார் என்று நின்றேன். அவர் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பச்சைக்கு அர்த்தம் என்னன்னு சார்கிட்ட சொல்லிடாதமா. பச்சையாவே இருக்கட்டும்லா."