வாசல் தொட்டியில் நின்ற மொட்டை மரம்

அன்றைக்கு நான் சொல்லாமல் விட்டது இதுதான்: அந்தச் சிமெண்ட் தொட்டியில் தினமும் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவள் நான்.

இன்று காலை ஆபீசுக்குக் கிளம்பும்போது அதே மரத்தின் குச்சி ஒன்றை நகத்தால் லேசாகக் கீறினேன். தை மாதம்; ஓர் இலை கிடையாது. தோலுக்கு அடியில் பச்சை! நகத்தில் ஒட்டிய பாலைத் துடைக்காமலே பஸ் ஏறி, தேனாம்பேட்டை வருவதற்குள் மனதில் உனக்கு எழுதத் தொடங்கிவிட்டேன்.

மயிலாப்பூர் ஃப்ளாட்டில் நாம் சேர்ந்து இருந்த முதல் தை அது. ஒரே ஆபீஸ், ஒரே வயது, ஒரே பைத்தியம். ஞாயிறுதோறும் அடையாறு வரை நடப்போம். நூலகத்தில் எடுத்த மரப் புத்தகத்தை நான் படிப்பேன். நீ மரத்தைத் தொட்டுப் பார்ப்பாய். அடிமரத்தில் முள் என்றால் இலவம். அடுக்கடுக்கான கிளையில் கடைசிச் சிவப்பு இலைகள் என்றால் நாட்டு வாதுமை. ஒன்று பிடிபட்டதும் நடுரோட்டில் குதிப்பாய். "இலை இருந்தா எவன் வேணா பேர் சொல்வான். மொட்டைக் குச்சிய பாத்து சொல்லு, அதாண்டி கெத்து!"

நம் வாசல் மரத்துக்கு மட்டும் பெயர் தெரியவில்லை. மார்கழியில் குடிவந்த நாம் அதை இலையோடு பார்த்ததே இல்லை. காய்கிறதே என்று பயந்து, நீ எழும் முன் ஊற்றிவிடுவேன். உனக்குத் தெரிந்தால் திட்டு விழும். சைதாப்பேட்டை ஆற்றோரத்தில் லாரித் தண்ணீரைச் சுமந்து வளர்ந்தவள் நீ. அரிசி கழுவிய நீர் கறிவேப்பிலைக்கு, பக்கத்து ஃப்ளாட் ஏ.சி. சொட்டுவது துளசிக்கு என்று பங்கு பிரிப்பாய்.

அந்தச் சனிக்கிழமை குடியிருப்புச் சங்கத்தின் புதுச் செயலாளர் வந்தார். "பட்டுப்போன மரம்மா. நாளைக்கு ஆள் வர்றான், தூக்கிடுவான். ஸ்கூட்டர் விட இடம் வேணும்."

"இருங்க சார்." நீ தொட்டி முன் உட்கார்ந்து மண்ணைக் கிள்ளி முகர்ந்தாய். "இன்னா சார், சேறா கீது! தூங்கினு கீற மரத்துக்கு எவனோ ஊத்திக்கினே கீறான். வேரு அழுவிப்பூடும்."

"எவன்?" என்று செயலாளர் என்னைப் பார்த்தார். நான் கறிவேப்பிலையைப் பார்த்தேன்.

நீ ஒரு குச்சியைக் கீறினாய். பச்சை, பால் பொங்கியது. இலை உதிர்ந்த இடங்களில் வட்டத் தழும்புகள். நான் புத்தகத்தைப் புரட்டி, பாலையும் தழும்பையும் மான் கொம்புக் கிளைகளையும் சரிபார்த்து, என்னை மறந்து கத்தினேன்: "கள்ளி மந்தாரை!" நாம் குதித்த குதியில் செயலாளர் ஒரு படி பின்வாங்கினார்.

"சித்திரை வரைக்கும் பாப்பேன். இலை வரலேன்னா வெட்டிடுவேன்."

தொட்டியின் அடியில் அடைத்திருந்த துளையைக் கம்பியால் குத்தித் திறந்தாய். காயட்டும் என்று மேல்மண்ணைக் கிளறிவிட்டாய். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னாய்: "அந்த வாளிய உள்ள வை மச்சி."

அப்போதுகூட நான் ஒப்புக்கொள்ளவில்லை. வாளியை உள்ளே வைத்தேன். இப்போதெல்லாம் எந்த மொட்டை மரத்தைக் கண்டாலும் முதலில் மண்ணைத் தொடுகிறேன், பிறகு கீறுகிறேன். தண்ணீர் அதற்கும் பிறகுதான்.

அடுத்த மாதமே, மாசியில், உனக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் நீ இல்லை. பங்குனிக் கடைசியில் இலை வந்தது. செயலாளர் ஸ்கூட்டரை எதிர்ப்பக்கம் நிறுத்துகிறார்.